அலைவரிக்குக் கொடுக்கும் விலை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பிஆர்எஸ் ஆலையிலிருந்து வரும் ‘கஸ்டம் 24’ கிட்டார்கள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே பிக்கப், ஒரே நெக், ஒரே மஹோகனி உடல், ஒரே பூச்சு. ஒன்றின் தலைப்பகுதிக்குப் பின்னால் ‘10’ என்ற எண் இருக்கும், மற்றதில் இருக்காது. எண் இருப்பதற்குப் பல நூறு டாலர் கூடுதல் விலை. மேலே ஒட்டியிருக்கும் மேப்பிள் பலகையின் வரியழகு ஓரத்திலிருந்து ஓரம்வரை தெளிவாக ஓடுகிறது, மங்கிய இடம் எங்கும் இல்லை என்பதற்கான முத்திரை அது. தோற்றத்துக்கான தரம் மட்டுமே. வாசிப்பைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

இந்த வரியழகுக்குப் பணம் கொடுக்கலாமா, கொடுத்தால் எவ்வளவு, எதைப் பார்த்துக் கொடுப்பது? நம் ஊருக்கு வந்து இறங்கும்போது இவ்வகைக் கிட்டாரின் விலை சில லட்சங்களைத் தொட்டுவிடும். பலர் வாழ்நாளில் ஒருமுறை வாங்குவது. அதையும் கையில் எடுத்துப் பார்க்க வழியில்லாமல், திரையில் தெரியும் நாலைந்து படங்களை நம்பி வாங்குகிறார்கள். ‘அவரவர் ரசனை’ என்று சொல்லி இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

முதலில் மரத்தைப் பார்ப்போம். மரத்தின் நார் நேராக மேலேறியிருந்தால் அறுத்த பலகை அமைதியாகத் தெரியும். சில மரங்களில் நார் அலை அலையாக வளைந்து ஏறும். அதை அறுத்து இழைக்கும்போது ஒரு பட்டையில் நாரின் பக்கவாட்டும் அடுத்த பட்டையில் நாரின் வெட்டுமுனையும் மேலே வரும். பக்கவாட்டு நார் ஒளியைத் திருப்பி அனுப்பும். வெட்டுமுனை ஒளியை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால் ஒரு பட்டை பளிச்சென்றும் அடுத்தது இருண்டும் தெரிகிறது. பலகையைச் சற்றுச் சாய்த்தால் பளிச்சிட்டது இருளும், இருண்டது பளிச்சிடும். மயில்கழுத்துப் பட்டுச் சேலையை மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டு நன்றாகவே தெரியும். அங்கே பாவும் ஊடும் செய்வதை இங்கே ஒரே மரத்தின் நார் செய்கிறது.

புலிவரி போன்ற பட்டைகளாக வருவது ஃபிளேம். மேகக் கூட்டம்போலக் குமிழ் குமிழாக வருவது குவில்ட். கிட்டார்களில் வரும் நல்ல குவில்ட் பெரும்பாலும் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் அகன்ற இலை மேப்பிளிலிருந்து கிடைப்பது. கிழக்குப் பகுதியின் கெட்டி மேப்பிளை விட அது மென்மையானது. அறுக்கும் திசையும் முக்கியம். ஆண்டு வளையங்களுக்குச் செங்குத்தாக அறுத்தால் ஃபிளேம் எழும்பும். வளையங்களை ஒட்டி அறுத்தால் குவில்ட் எழும்பும். சிறு கண்களைத் தெளித்ததுபோல் வரும் பேர்ட்ஸ்ஐ, பூஞ்சை பிடித்துக் கறுப்புக் கோடுகள் ஓடும் ஸ்பால்ட்டட் என்று வேறு வகைகளும் உண்டு. ஆனால் விலையைத் தீர்மானிக்கும் பெரும்போட்டி ஃபிளேமுக்கும் குவில்ட்டுக்கும்தான்.

தச்சர் கண்ணால் பார்த்தால் இந்த அழகு முழுவதும் ஒரு குறை. அலைந்து ஓடும் நாரில் இழைப்புளி ஓட்டினால் பிசிறு பெயரும். நீளவாக்கில் வலுவும் விறைப்பும் குறையும். இதனால்தான் கம்பிகளின் இழுவையைத் தாங்க வேண்டிய நெக்குக்கு நேர்நார் மரத்தையே கவனமான கைவினைஞர்கள் தேடுகிறார்கள். முழு நெக்கும் ஃபிளேம் என்று பெருமையாக விளம்பரப்படுத்தும் கிட்டாரை நான் இரண்டு முறை யோசித்தே பரிந்துரைப்பேன். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் நெக் அசையாமல் நிற்பதுதான் முதல் தேவை. மேற்பலகையின் கதை வேறு. அது தடித்த மஹோகனியின் மேல் முழுப்பரப்பிலும் ஒட்டி உட்கார்ந்திருப்பதால் அங்கே அலைநார் எந்தக் கெடுதலும் செய்வதில்லை. ஆகவே வரியழகு இருக்க வேண்டிய இடம் மேற்பலகைதான்.

அங்கே அதை யார் கொண்டுவந்து வைத்தார்கள்? வயலின்காரர்கள். கிரெமோனாவின் பட்டறைகளில் ஸ்ட்ராடிவாரி காலத்திலேயே வயலினின் முதுகுக்கு அலைவரி மேப்பிளைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாகிவிட்டது. 1922-ல் கிப்சன் கொண்டுவந்த எல்-5 கிட்டார் வயலினைப் போலவே செதுக்கிய உடலோடு வந்தது. மேப்பிள் முதுகும் அந்தக் குடும்ப வழிதான். ஆனால் 1952-ல் அதே கிப்சன் லெஸ் பால் என்ற கெட்டி உடல் மின்கிட்டாரை வெளியிட்டபோது மேப்பிள் மேற்பலகையைச் செதுக்கி, அதன்மேல் தங்க நிறப் பூச்சை அடித்து முழுவதும் மூடிவிட்டது. 1954-ல் வந்த லெஸ் பால் கஸ்டம் அதை விட விலை கூடியது. அதில் மேப்பிளே இல்லை. முழுக்க மஹோகனி, மேலே கறுப்புப் பூச்சு. அன்றைய மிக விலையுயர்ந்த லெஸ் பாலில் மரம் கண்ணுக்கே தெரியவில்லை. உயர்ந்த கிட்டார் என்றால் மரத்தின் வரி தெரிய வேண்டும் என்ற எண்ணம் மின்கிட்டாரோடு கூடப் பிறந்ததல்ல.

அந்த எண்ணம் எப்படி வந்தது என்பதில்தான் விலைக் கேள்விக்கான சாட்சியம் இருக்கிறது. தங்க நிற லெஸ் பால் சரியாக விற்காததால் 1958-ன் நடுவில் கிப்சன் பூச்சை மாற்றியது. ஓரத்தில் செர்ரிச் சிவப்பு, நடுவில் மஞ்சள், உள்ளே மரம் தெரியும்படி சன்பர்ஸ்ட். மரம் தெரிவதால் ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து, புத்தகம்போல விரித்து, நடுவில் மூட்டு வரும்படி ஒட்டத் தொடங்கினார்கள். வரியழகு உள்ளதை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை; சில கிட்டார்கள் வெறும் வெளிர்பலகையோடும், சில ஆழமான ஃபிளேமோடும் வெளியே போயின. எல்லாவற்றுக்கும் ஒரே விலை, 250 டாலரைச் சுற்றி. அதுவும் விற்கவில்லை. 1960-க்குப் பின் அந்த வடிவத்தையே கைவிட்டார்கள். மூன்று ஆண்டுகளில் வெளிவந்தவை ஏறத்தாழ 1,500. 1966-ல் ஜான் மேயால் குழுவின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் அத்தகைய ஒரு கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் முழக்கிய பிறகுதான் உலகம் அவற்றைத் தேடியது.

கிட்டாருக்குப் புகழ் வந்தது ஒலியால். புகழ் வந்தபின் எந்தக் கிட்டார் எந்தக் கிட்டாரை விட விலை கூடியது என்று வரிசைப்படுத்தியது வரியழகு. ஜப்பானியரான யசுஹிகோ இவனாடே தொகுத்த ‘தி பியூட்டி ஆஃப் தி பர்ஸ்ட்’ போன்ற படப் புத்தகங்கள் அந்த வரிசையை இன்னும் இறுக்கின. இன்று அவை லட்சக்கணக்கான டாலர்களில் கைமாறுகின்றன.

இப்போது 1957-ன் தங்க நிற லெஸ் பாலை 1958-ன் சன்பர்ஸ்ட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதே மஹோகனி, அதே மேப்பிள், 1957-ல் வந்த அதே பிஏஎஃப் ஹம்பக்கர் பிக்கப். பூச்சு மட்டும் வேறு. தங்க நிறக் கிட்டாரும் இன்று பெருவிலைதான். ஆனால் சன்பர்ஸ்ட்டின் விலைக்கு அருகில்கூட வராது. இந்த இடைவெளியில் ஒலிக்குப் பங்கே இல்லை. அரிதான தன்மைக்கும் கதைக்கும் ஒரு பங்கு உண்டு. மீதி எல்லாம் கண்ணுக்குத் தெரியும் மரத்துக்கு. பழைய தங்க நிறக் கிட்டார்களின் பூச்சைச் சுரண்டி எடுத்து, அடியில் ஃபிளேம் இருக்குமா என்று பந்தயம் கட்டி, சன்பர்ஸ்ட்டாக மாற்றிப் பூசும் வழக்கமே உருவாகிவிட்டது. பிக்கப்பைக் கழற்றிக் குழிக்குள் தெரியும் நாரைப் பார்த்து அடியில் என்ன இருக்கும் என்று ஊகிப்பவர்கள் உண்டு. வரியழகின் விலையைத் தனியாகப் பிரித்துக் காட்ட இதைவிடச் சுத்தமான சோதனையை எவரும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாது.

ஒலியில் வரியழகுக்குப் பங்கு உண்டா? மின்கிட்டாரின் பிக்கப் மைக் அல்ல. எஃகுக் கம்பி தன் காந்தப் புலத்தில் அதிர்வதை அது மின்சாரமாக்குகிறது. மரம் கம்பியின் அதிர்வை எங்கே, எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதன் வழியாக மட்டுமே ஒலிக்குள் நுழைய முடியும். அந்த வாசல் சிறியது. 1940-ஐ ஒட்டி, பின்னாளில் கிப்சன் கிட்டாருக்குப் பெயர் தந்த இசைக்கலைஞர் லெஸ் பால் நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டையில் நெக்கையும் பிக்கப்பையும் பொருத்தி வாசித்தார். ‘தி லாக்’ என்று பேர் பெற்ற அந்தக் கட்டைக்கு இரு பக்கமும் ஒரு எபிஃபோன் கிட்டாரின் உடலைப் பிளந்து சிறகுகளாக ஒட்டினார். பார்ப்பவர் கண்ணுக்கு அது கிட்டாராகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். பைன் கட்டையில் பாடிய கம்பிக்கு ஃபிளேம் தேவைப்படவில்லை.

இன்னும் கடுமையான சாட்சியம் அக்கூஸ்டிக் கிட்டாரிலிருந்து வருகிறது. அங்கே ஒலியை எழுப்புவதே மரப்பெட்டி. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே வடிவில் செய்த ஆறு கிட்டார்களை 52 வாசிப்பாளர்களிடம் கொடுத்தார்கள். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வெவ்வேறு மரம்: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலே, வால்நட். வெளிச்சத்தைக் குறைத்து, வெல்டர் கண்ணாடி அணிவித்து வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் கிடைத்த மதிப்பெண்களில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2018-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்த முடிவு இது. ஒலிப்பெட்டியில் மர வகையையே மாற்றியும் காது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்றால், கெட்டி உடல் மின்கிட்டாரில் ஒரே மேப்பிளின் அலைநாரும் நேர்நாரும் வெவ்வேறாக ஒலிக்கும் என்று வாதிடுபவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி ஓர் ஆதாரத்தை யாரும் முன்வைக்கவில்லை.

பீட்டர் கிரீனிடம் இருந்து கேரி மூருக்குப் போய், இன்று மெட்டாலிக்காவின் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கும் 1959 லெஸ் பாலையும் இங்கே நினைக்க வேண்டும். ‘கிரீனி’ என்று பேர் சொன்னாலே தெரியும் அதன் தனிக்குரலுக்கு மரம் காரணமல்ல. ஒரு பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருப்பதால் இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போடும்போது ஒன்று மற்றதன் அலையைக் கழிக்கிறது. அதனால் வந்த குரல் அது.

ஆக, வரியழகுக்குக் கொடுப்பது முழுவதும் கண்ணுக்கான விலை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கண்ணுக்கு விலை கொடுக்கும்போது கண் ஏமாறக்கூடாது. ஏமாற இடங்கள் நிறைய.

முதல் இடம், எழுத்துத் தரம். ஏ, ஏஏ, ஏஏஏ என்று ஐந்து ஏ வரைக்கும் போகிறார்கள். தங்கத்துக்கு ஹால்மார்க் இருப்பதைப் போன்ற பொதுத்தரம் இதற்குக் கிடையாது. ஒரு மர வியாபாரியின் ஏஏஏ இன்னொருவருடைய ஏஏ. ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசைக்குள் ஒப்பிட மட்டுமே அந்த எழுத்துகள் உதவும். இரண்டு நிறுவனங்களின் கிட்டார்களை எழுத்தை எண்ணி ஒப்பிடுபவர் எதையும் ஒப்பிடவில்லை.

இரண்டாவது, தடிமன். லெஸ் பால் போன்ற கிட்டாரின் கெட்டி மேற்பலகை நடுவில் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஓரத்துக்கு வர வர மெலியும். விலை குறைந்த கிட்டார்களில் சாதாரண மேப்பிள் மேற்பலகையின்மேல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஃபிளேம் வெனீரை ஒட்டியிருப்பார்கள். பிஆர்எஸ்ஸின் எஸ்இ வரிசையும் எபிஃபோனின் பல மாடல்களும் இப்படித்தான். அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. ஒரு பலகைக்கு வேண்டிய மரத்தில் பல வெனீர்கள் வரும் என்பதால் வெனீரில் ஃபிளேம் பளபளப்பாகவே இருக்கும். குறைந்த விலைக் கிட்டாரின் மேற்பலகை (டாப்) விலை கூடியதன் டாப்பை விட அழகாக இருப்பதைப் பார்த்து மயங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இதை. வெனீர் என்பதால் கிட்டார் மோசமாகிவிடாது. வெனீருக்குக் கெட்டிப் பலகையின் விலையைக் கொடுப்பதுதான் தவறு.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரத்தைப் பாருங்கள். பிஆர்எஸ் கிட்டார்களில் மேப்பிளின் விளிம்பைச் சாயமேற்றாமல் பைண்டிங் மாதிரி வெளிரென்று விட்டிருப்பார்கள். மேலே ஓடிவரும் பட்டை விளிம்பில் மடிந்து அந்த வெளிர்க் கோட்டிலும் தொடர்ந்து இறங்கினால் அது கெட்டிப் பலகை. மேலே புலிவரி, விளிம்பில் வெற்று மரம் என்றால் வெனீர். பைண்டிங் போட்ட லெஸ் பாலில் விரல் நுழையும் வளைவைப் பாருங்கள். அங்கே பல கிட்டார்களில் பைண்டிங்குக்குக் கீழே ஒரு மெல்லிய மேப்பிள் கீற்று தெரியும். மேற்பரப்பின் வரி அந்தக் கீற்றிலும் இருக்க வேண்டும். அதுவும் தெரியாவிட்டால் பிக்கப் குழியின் சுவர் பொய் சொல்லாது.

மூன்றாவது, அச்சு. 1990-களில் ஃபெண்டர் ‘ஃபோட்டோ ஃபிளேம்’ என்ற பெயரில் வரியழகை அச்சிட்டே விற்றது; ஒளிக்காமல் பெயரிலேயே சொன்னது. எல்லோரும் அப்படிச் சொல்வதில்லை. அச்சைப் பிடிக்க ஒற்றை விளக்கு போதும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே விளக்குக்குக் கீழே கிட்டாரை மெல்லச் சாய்க்க வேண்டும். உண்மையான மரத்தில் பட்டைகள் நகரும். பளிச்சும் இருளும் இடம் மாறும். புத்தகம்போல விரித்து ஒட்டிய டாப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. இடது பலகையில் நார் எந்தப் பக்கம் ஏறுகிறதோ, வலது பலகையில் அதற்கு நேரெதிராக இறங்கும். ஆகையால் மூட்டின் ஒரு பக்கம் பளிச்சென்று வந்து முட்டும் பட்டை மறுபக்கம் இருண்டு தொடரும். சாய்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் மாறிக்கொள்ளும். அசையாமல், இரு பக்கமும் ஒரே சாயலில் உறைந்து நிற்கும் வரி அச்சு. படத்தை நம்பி வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இன்னும் நாலு படம் அல்ல. ஒற்றை விளக்கில் சாய்த்து எடுத்த அரை நிமிட வீடியோ. அதை அனுப்பத் தயங்கும் கடையில் லட்சங்களைக் கொடுக்க வேண்டாம்.

நான்காவது, சாயம். இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். நாரின் வெட்டுமுனை சாயத்தை அதிகம் குடிக்கும். முதலில் கறுப்போ பழுப்போ ஏற்றி, தேய்த்து எடுத்துவிட்டு, அதன்மேல் நீலமோ பச்சையோ ஏற்றினால் நடுத்தரப் பலகைகூட ஓவியம்போல் எழுந்து நிற்கும். சாயம் ஏமாற்று அல்ல, கைத்திறன். ஆனால் தரத்தை மதிப்பிடும்போது சாயத்தின் பங்கைக் கழிக்க வேண்டும். கரு நீலத்தில் பிரமாதமாகத் தெரியும் ஃபிளேமை விட, இளமஞ்சளில் அமைதியாகத் தெரியும் ஃபிளேம் உயர்ந்த மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளிர்நிறத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை. வரியழகுக்கென்று கூடுதல் பணம் கொடுப்பதானால் அம்பர், தேன் நிறம், சாயமேற்றாத இயல்பு நிறம் இவற்றில் ஒன்றுக்கே கொடுங்கள் என்பேன். இருண்ட நிறம்தான் பிடிக்கும் என்றால் ஒரு படி கீழ்த்தரப் பலகையை வாங்குங்கள். மிச்சத்தைச் சாயம் பார்த்துக்கொள்ளும்.

பலகையில் ஓடும் பழுப்புக் கோடுகள், தாது படிந்த கறைகள் பற்றியும் சொல்ல வேண்டும். தரம் பிரிப்பவர்கள் இவற்றுக்கு மதிப்பெண் குறைக்கிறார்கள். 1950-களின் புகழ்பெற்ற சன்பர்ஸ்ட்டுகள் பலவற்றில் இதே கோடுகள் இருக்கின்றன. அங்கே அவற்றைக் குணம் என்று கொண்டாடுகிறார்கள். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே அகலத்தில் சீப்பால் வாரியதுபோல் ஓடும் வரி முதல் பார்வைக்கு வியப்பூட்டும். ஆனால் அகலம் மாறி, சரிந்து, ஓரிடத்தில் மங்கி இன்னோரிடத்தில் எழும் வரிதான் நெடுநாள் பார்த்தாலும் சலிக்காது. கோட்டுக்கும் கறைக்கும் தள்ளுபடி கிடைக்கிறது என்றால் வாங்குபவருக்கு அதைவிட நல்ல பேரம் இல்லை.

குவில்ட் பற்றி என் கருத்து பலருக்கும் ஒப்பாது. படத்தில் அது ஃபிளேமை வென்றுவிடும். கையில் எடுத்து மேடை வெளிச்சத்தில் பார்த்தால் அதன் அசைவு ஃபிளேமுடையதை விடக் குறைவு. தூரத்தில் வெறும் திட்டுகளாகக் கலங்கிப்போகும். ஃபிளேம் பத்தடி தூரத்திலும் ஃபிளேமாகவே தெரியும். விலையில் குவில்ட் கூடுதல் என்றால் அந்தக் கூடுதலை நான் கொடுக்க மாட்டேன்.

வரியழகுக்கு இன்னொரு விலையும் உண்டு. அது ரசீதில் வராது. அகன்ற இலை மேப்பிளில் வரியழகு உள்ள மரம் அபூர்வம் என்பதால், வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசிய வனத்தில் இரவோடு இரவாக மேப்பிள் வெட்டும் திருட்டு நடக்கிறது. நிற்கும் மரத்தின் பட்டையைச் செதுக்கி உள்ளே அலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் காயப்பட்ட மரத்தை அப்படியே விட்டுப் போவார்கள். 2018 ஆகஸ்டில் அப்படி ஒரு மரத்தின் அடியில் இருந்த குளவிக் கூட்டைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தப் போய், 3,000 ஏக்கருக்கு மேல் காடு எரிந்தது. ஆலைக்கு விற்ற பலகையும் காட்டில் நின்ற அடிக்கட்டையும் ஒரே மரம் என்று மரபணுச் சோதனையில் நிரூபித்து, 2021-ல் குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தந்தார்கள். அமெரிக்க மத்திய நீதிமன்றக் குற்ற விசாரணை ஒன்றில் மரத்தின் மரபணு சாட்சியமானது அதுவே முதல்முறை. விலையுயர்ந்த டாப் வாங்குபவர் அதன் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. பதில் சொல்லத் தெரிந்த கைவினைஞர்கள் இருக்கிறார்கள்.

விரல்பலகைக்கும் ஒரு சொல். அங்கே மேற்கு மலைத்தொடரின் ஈட்டி மரம், அதாவது இந்திய ரோஸ்வுட், உலகெங்கும் உயர்ந்த கிட்டார்களில் உட்கார்ந்திருக்கிறது. ‘பிரேசில் ரோஸ்வுட்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் மறுத்துவிடுங்கள். 1992 முதல் அது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. தகுந்த அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. சுங்கத்தில் கிட்டாரைப் பறிகொடுக்க நேரலாம். ஈட்டி மரமும் இரண்டாம் பட்டியலில் இருந்தாலும், 2019 முதல் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். மிக அழகான பலகை ஆலையின் மிகத் தேர்ந்த கைகளுக்குப் போகும், அதனால் அந்தக் கிட்டார் முழுவதுமே நன்றாக இருக்கும் என்பார்கள். பிஆர்எஸ்ஸின் பிரைவேட் ஸ்டாக் போன்ற தனிப்பட்டறை வேலைகளில் இது உண்மை. ஆனால் அங்கே பணம் கைகளுக்குப் போகிறது. ஒரே வரிசைக்குள் சாதாரண டாப்புக்கும் உயர்ந்த டாப்புக்கும் கைகள் மாறுவதில்லை. அந்த வாதம் அங்கே விழுந்துவிடுகிறது. மறுவிற்பனையில் அழகான டாப் எளிதில் கைமாறும் என்பார்கள். இது சரி. ஆனால் எளிதில் விற்கும் என்பது ஒன்று, கொடுத்த கூடுதல் முழுவதும் திரும்பும் என்பது இன்னொன்று. 1959-ன் விலையைக் காட்டி இன்றைய உற்பத்திக் கிட்டாரை முதலீடாக விற்பவரை நம்ப வேண்டாம். அன்று வந்தவை சில நூறு, பிறகு நிறுத்தப்பட்டன. இன்று ஃபிளேம் டாப் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கிறது.

மூன்றாவது வாதம்தான் வலுவானது. அழகான கிட்டாரைக் கையில் எடுக்கத் தோன்றும், எடுப்பவர் வாசிப்பார், வாசிப்பவர் தேறுவார். இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். மரத்தின் உள்ளிருந்து ஒளி புரள்வதைப் பார்க்கும் இன்பம் உண்மையானது. அதற்காக ஒரு தொகை கொடுப்பது வீண்செலவு அல்ல. ஆனால் அந்த இன்பத்துக்கு முதல் தர முத்திரை தேவையில்லை. நடுத்தரப் பலகை ஒன்று நல்ல வெளிச்சத்தில் அதை அப்படியே தந்துவிடும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒரே வரிசையின் சாதாரண டாப்பே பெரும்பாலானவர்கள் வாங்க வேண்டிய கிட்டார். வரியழகு வேண்டும் என்பவர்கள் கெட்டிப் பலகையா என்று ஓரத்தில் பார்த்து, வெளிர்நிறத்தில், ஒற்றை விளக்கில் அசைவைப் பார்த்து, ஒரு படி மட்டும் மேலே போகலாம். கிட்டார் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதற்குக் கொடுக்க நியாயம் இல்லை. வெனீர் டாப்புக்கு வரியழகின் பேரில் எதையும் கூட்டிக் கொடுக்கக் கூடாது. முத்திரைகளும் ஐந்து ஏக்களும் சேகரிப்பவருக்கானவை. வாசிப்பவர் அந்தப் பணத்தில் ஃபிரெட்டுகளைச் சமப்படுத்தி, நட்டைச் சரியாக வெட்டி, நல்ல கைவினைஞரிடம் செட்டப் செய்து, மிச்சத்துக்கு ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயரையும் வாங்கிவிடலாம்.